ஆவணிக் கடைசியில் வளைகாப்பு: இந்த ஆடிப்பட்டத்துக்கு விதை போடலாமா?

மொட்டைமாடிக்காரி, சரவணம்பட்டி, கோவை

எல்லோருக்கும் வணக்கம். பையன் தூங்கும்போது அடிக்கிறேன், பாதியில் நின்றால் மன்னிக்கவும்.

எனக்கு இது ஐந்தாம் மாதம். மூத்தவனுக்கு இரண்டே கால் வயது. வாடகை வீடு, ஆனால் மொட்டைமாடி முழுக்க எங்களுக்குத்தான். சுவரில் ஈரம் இறங்கக் கூடாது என்பது மட்டும்தான் வீட்டுக்காரம்மாவின் நிபந்தனை. முப்பது பை இருக்கும், எல்லாம் பன்னிரண்டு அங்குலப் பை. செம்மண், தென்னை நார், மண்புழு உரம் கலந்தது. பாதியில் போன வருஷத்துக் கத்தரி, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, கறிவேப்பிலை, துணிக்கொடிக் கம்பியில் ஏறிய கோவைக்கொடி ஆகியவை நிற்கின்றன. மீதிப் பாதி காலியாக ஆடிக்குக் காத்திருக்கிறது.

சிக்கல் இதுதான். பிரசவத் தேதி கார்த்திகையில். ஆவணிக் கடைசியில் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், தாராபுரம் பக்கம். திரும்பி வர மாசி ஆகிவிடும். அதாவது இப்போது விதை போட்டால் கையில் இருப்பது சரியாக இரண்டு மாதம். வெண்டை முதல் காய் விடும்போது நான் மூட்டை கட்டிக்கொண்டிருப்பேன். தக்காளி, சொல்லவே வேண்டாம்.

வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். மாமியாருக்கு முட்டிவலி, மாடிப்படி ஏற மாட்டார். அதோடு மாசமாக இருப்பவள் பூசணிக்காய் வெட்டக் கூடாது, மண்வெட்டி தொடக் கூடாது என்று அவரிடம் ஒரு பட்டியலே இருக்கிறது, அதில் வாரம் ஒன்று கூடுகிறது. என் வீட்டுக்காரருக்குப் பம்ப் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றுகிறவர், வீட்டு மாடிக்கு ஒரு குடம் ஏற்றச் சொன்னால் முதுகுவலி வந்துவிடும். நல்ல மனுஷன்தான், திட்டவில்லை. ஆனால் செடிக்கு என்ன வேண்டும் என்று பார்த்து அவருக்குத் தெரியாது. 'தினமும் இதைத் திருகு' என்று சொன்னால் திருகுவார், அவ்வளவுதான்.

பையன் கதை தனி. தக்காளி அவனுக்குப் பந்து. கோலி அளவு காயாக இருக்கும்போதே ஒன்று விடாமல் பறித்து, பொம்மை டிப்பர் லாரியில் ஏற்றி, மாடி முழுக்க ஓட்டி, தண்ணீர் போகும் ஓட்டையில் கொட்டுவான். நாற்று நட்டால் அடுத்த நாள் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து தருவான். மண்புழுவுக்குப் பெயர் 'பாம்பு தம்பி'. அவ்வப்போது மண்ணையும் வாயில் போடுகிறான், அதுதான் கவலை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். செல்போன் கேட்காமல், அழாமல், என் இடுப்பில் ஏறாமல் அவன் இருப்பது சாயங்காலம் மாடியில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான். எனக்கும் அப்படியே. கீழே வாந்தி, மேலே வந்தால் இல்லை (செடிக்கு ஊற்றும் மீன் அமிலக் கேன் பக்கம் போகாத வரை).

இரண்டு வாரமாகப் பக்கத்து வீட்டுப் பூனை வேறு காலிப் பைகளைக் கக்கூஸ் ஆக்கிவிட்டது. பூனை விஷயத்தில் கர்ப்பிணிகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகம், முழுசாகத் தெரியவில்லை.

நான் கேட்பது: இந்தப் பட்டத்தில் எதைப் போடலாம், எதைத் தொடவே கூடாது? நான் இல்லாத ஆறு மாதம் இருக்கிற செடிகளை எப்படி உயிரோடு வைப்பது? பூனை, மண், பையன் மூன்றையும் எப்படிச் சமாளிப்பது? 'பேசாமல் ஓய்வு எடு' என்பதை மட்டும் சொல்லாதீர்கள், அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

---

ரெண்டு வாலு அம்மா, ஈரோடு

ஓய்வு எடுக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். எனக்கு இரண்டு பேருக்கும் இருபது மாதம்தான் இடைவெளி. மாடியில்லை, கொல்லையில் நாலு பாத்தி. அதனால் உங்கள் கதை எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் கணக்கு. எட்டு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்துக்குள் விதைத்து, தின்று, முடித்துவிடக் கூடியதை மட்டும் போடுங்கள். சிறுகீரை, தண்டுக்கீரை, வெந்தயக்கீரை எல்லாம் மூன்றரை வாரத்தில் பறிக்கலாம், ஆக இரண்டு சுற்று கிடைக்கும். முள்ளங்கி நாற்பத்தைந்து நாள். கொத்தமல்லி நாற்பது நாள், ஆனால் இந்தக் காற்றில் வருவது சந்தேகம். தக்காளி, மிளகாய், குடமிளகாய் எதையும் இந்த முறை தொடாதீர்கள். வெண்டையும் வேண்டாம் என்பேன். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நார் ஆகிவிடும், செடியும் காய்ப்பதை நிறுத்தும். ஷிப்ட் போகிற மனுஷன் அதை எங்கே பார்ப்பார்? ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்த்தால் விரல் நீளத்துக்குப் பதில் முழ நீளத்துக்கு நிற்கும்.

பையனுக்குத் தனியாக ஒரு பை கொடுத்துவிடுங்கள். 'இது உன்னுடையது, எதை வேண்டுமானாலும் பிடுங்கு' என்று. அதில் வெந்தயத்தை அள்ளித் தூவுங்கள். மூன்றாம் நாள் முளைத்துவிடும், அவனுடைய பொறுமைக்கு அதுதான் சரி. பிடுங்கினாலும் நஷ்டமில்லை, பிடுங்கியதைக் கழுவிச் சாம்பாரில் போடலாம். என் மூத்தவள் தன் பையில் பொம்மைக்கார் எல்லாவற்றையும் புதைத்து வைத்தாள், மற்ற பாத்திகள் தப்பின.

இன்னொன்று, இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டதை எல்லாம் விட முக்கியம். உங்கள் பைகள் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருக்கின்றனவா? பெரும்பாலான வீட்டில் அப்படித்தான் இருக்கும், வெயில் அங்கேதான் விழும் என்று. மூன்றடிச் சுவர், அதை ஒட்டி ஓரடிப் பை, அதன் கீழே செங்கல். இரண்டு வயதுப் பையனுக்கு அது படிக்கட்டு. இன்றைக்கே வீட்டுக்காரரை வைத்து எல்லாவற்றையும் சுவரிலிருந்து மூன்றடியாவது உள்ளே தள்ளச் சொல்லுங்கள். நீங்கள் தள்ளாதீர்கள், நனைந்த பை ஒவ்வொன்றும் பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும்.

---

மொட்டைமாடிக்காரி

இப்போதுதான் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கறிவேப்பிலைத் தொட்டி சுவரை ஒட்டித்தான் இருக்கிறது, அதுவும் செங்கல் மேல். வயிற்றைக் கலக்கிவிட்டது. இன்று இரவு ஷிப்டுக்குப் போவதற்கு முன்னாலேயே நகர்த்தச் சொல்லியாயிற்று. மாடிக்கதவுக்கு மேல் தாழ்ப்பாள் ஒன்று போடவும் சொல்லியிருக்கிறேன். நன்றி அக்கா.

---

வெள்ளை யூனிபார்ம், திருப்பூர்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும்.

பூனை. பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். எல்லாப் பூனைக்கும் இருக்காது. இருக்கிற பூனையும் வாழ்நாள் முழுக்க அதை வெளியே விடாது, முதல் தடவை தொற்றும்போது சில வாரம் மட்டும் விடும். பூனையைத் தொட்டாலே வந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அப்படி இல்லை. மலத்தில் வெளியேறிய கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். ஆனால் ஈர மண்ணில் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும். அந்த மண் கையோடு வாய்க்குப் போவதும், சரியாகக் கழுவாத கீரையோடு போவதும்தான் ஆபத்து. கர்ப்ப காலத்தில் முதல் தடவையாகத் தொற்றினால் குழந்தைக்குப் போகலாம், அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கை.

ஆகவே பூனை போன பைகளின் மேல்மண்ணை வீட்டுக்காரர் அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடட்டும், மற்ற பைகளையும் தினமும் அவரே பார்க்கட்டும். அந்தப் பைகளில் இந்தப் பருவத்தில் கீரை வேண்டாம். நீங்கள் மண்ணில் கை வைக்கும்போதெல்லாம் ரப்பர் கையுறை, முடிந்ததும் சோப்பு. புதினா, மல்லித்துவையல் போல வேகவைக்காமல் அரைப்பதை ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சமைத்தால் கவலையில்லை. பூனை வராமலிருக்கக் காலிப் பைகளின் மேல் தேங்காய் மட்டையை நெருக்கமாகக் குப்புற அடுக்கிவிடுங்கள். தோண்ட இடமில்லை என்றால் அது வேறு வீடு பார்த்துக்கொள்ளும்.

பையன் மண் தின்பது. ஆசைக்கு ஒரு தடவை வாயில் வைத்துத் துப்புவது வேறு, தேடிப்போய்த் தின்பது வேறு. இரண்டாவது என்றால் குழந்தை டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பார். பூச்சி மாத்திரை கொடுத்து எவ்வளவு நாள் ஆயிற்று? அல்பென்டசோல், இரண்டு வயது தாண்டிவிட்டதால் 400 மி.கி. முழு மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுப்போம். அங்கன்வாடியில் பிப்ரவரி, ஆகஸ்டு என்று இரண்டு சுற்று வரும், ஆகஸ்டு பக்கத்தில்தான் இருக்கிறது.

மாடியில் பூட்டி வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வேப்பெண்ணெய். இயற்கைதானே என்று எல்லோரும் கீழே வைத்துவிடுகிறார்கள். சின்னக் குழந்தைகள் அதை விழுங்கி வலிப்பு, மூளை பாதிப்பு வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இரண்டு, கடையில் வாங்கும் விதைப் பாக்கெட்டில் ரோஸ் கலரில், பச்சைக் கலரில் சாயம் பூசிய மாதிரி விதைகள் வரும் இல்லையா, அது பூஞ்சைமருந்து தடவியது. மிட்டாய் மாதிரியே இருக்கும். அவன் கையில் கொடுத்து விதைக்கச் சொல்லாதீர்கள், நீங்களும் கையுறையோடு போடுங்கள். அவனுக்கு வீட்டு டப்பாவிலிருக்கும் வெந்தயம், தட்டைப்பயறு போதும்.

தண்ணீர் டிரம் மூடியில்லாமல் இருக்கவே கூடாது. வாளியில் அரையடித் தண்ணீர் இருந்தாலும் தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழ முடியாது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை எடுத்தே விடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு? கீரைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் 'நாங்கள்தான் தினமும் கீரை தின்கிறோமே' என்று இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், அதனால் கேட்கிறேன். தடுப்பூசியும் பாருங்கள். போன பிரசவத்தில் டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி) இரண்டு தவணை போட்டு மூன்று வருஷத்துக்குள் இது என்றால் ஒரு பூஸ்டர் போதும். துருப்பிடித்த கம்பி, கத்தி என்று மாடியில் என்னவெல்லாமோ கிடக்கும்.

---

மொட்டைமாடிக்காரி

ஹீமோகுளோபின் 9.8. கண்டுபிடித்துவிட்டீர்கள். மாத்திரையை விடவில்லை, ஆனால் காலைக் காபியோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

---

வெள்ளை யூனிபார்ம்

காபியோடு போட்டால் பாதிக்கு மேல் வீண். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச்சாறோடோ நெல்லிக்காய்ச்சாறோடோ போடுங்கள், காபிக்கும் அதற்கும் நல்ல இடைவெளி இருக்கட்டும். கால்சியம் மாத்திரையையும் கூடச் சேர்த்துப் போடாதீர்கள், ஒன்று காலையில், ஒன்று இரவில். கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது, ஆனால் உடம்பு அதில் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். 9.8-ஐக் கீரையை வைத்து ஏற்ற முடியாது. அடுத்த பரிசோதனையில் எவ்வளவு என்று டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

---

நேர்பேச்சு

எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கைக்குழந்தை, வயிற்றில் ஒன்று, ரத்தம் 9.8, இதற்கு நடுவில் முப்பது பைக்குத் தண்ணீர். இந்த ஒரு பட்டம் போனால் என்ன? உழவர் சந்தையில் கீரைக்கட்டு என்ன விலை விற்கிறது? பைகளை ஓரம் கட்டிவிட்டு அடுத்த ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம். செடி வளர்ப்பதைக் கடமையாக்கிக்கொண்டு, வாடினால் அதற்கும் ஒரு அழுகை அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

---

மொட்டைமாடிக்காரி

கோபம் இல்லை, சரியான கேள்விதான். கீரைக்கட்டு விலைக்காகச் செய்தால் நீங்கள் சொல்வதுதான் நியாயம், எனக்கே கணக்குக் கட்டாது. முப்பதையும் பார்க்கப் போவதில்லை, அதனால்தான் எதை விடலாம் என்று கேட்டேன். ஆனால் முழுக்க மூட முடியாது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை இவனை எங்கே கொண்டுபோய் விடுவது என்று சொல்லுங்கள், நாளைக்கே பைகளை ஓரம் கட்டுகிறேன்.

---

வடவள்ளித் தாத்தா

அம்மிணி, வடவள்ளியிலிருந்து எழுதுகிறேன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேளாண்மைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதால் விதைக்கும் சந்தேகத்துக்கும் அங்கே போய் நின்றுவிடுவது பழக்கம். என் மகளுக்கும் இப்போது ஏழாம் மாதம், அதனால் பொறுமையாகவே எழுதுகிறேன்.

நம்ம ஊர் வானத்தை முதலில் பாருங்கள். ஆடியில் மேற்கே மலையில் மழை கொட்டும், நமக்குச் சாரலோடு சரி. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஒரு நாளில் பையைக் காயவைத்துவிடும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பது மொட்டைமாடிக்காரனுக்குத்தான் நன்றாகத் தெரியும். நமக்கு உண்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆக, நீங்கள் ஊருக்குப் போனபிறகு தண்ணீர் கட்ட வேண்டிய கஷ்டகாலம் புரட்டாசி ஒன்றுதான். அதற்கப்புறம் மழை பார்த்துக்கொள்ளும். மழை விட்ட பிறகு தை, மாசியில் மறுபடியும் கொஞ்சம். ஆறு மாதம் என்று மலைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாது, திருகத் தெரியும் என்றீர்கள். பம்ப் கம்பெனிக்காரருக்கு அதுதான் சரியான வேலை. இருநூறு லிட்டர் டிரம் ஒன்று, மூடியோடு. படிக்கட்டு அறைச் சுவரை ஒட்டி, ஹாலோ பிளாக் அடுக்கி இரண்டரை, மூன்றடி உயரத்தில் வையுங்கள். நிறைந்தால் இருநூறு கிலோவுக்கு மேல், அதனால் தளத்தின் நடுவில் வேண்டாம், அடியில் சுவர் வருகிற இடமாக இருக்கட்டும். கைப்பிடிச் சுவர் பக்கமும் வேண்டாம், பேரன் ஏறுவான். டிரம்மிலிருந்து ஒரு வால்வு, சின்ன வடிகட்டி, பதினாறு எம்எம் குழாய், அதிலிருந்து பைக்கு ஒன்றாக நாலு எம்எம் நுண்குழாய். முனையில் சொட்டுவான் (டிரிப்பர்) மாட்ட வேண்டாம், இந்த உயரத்துக்கு அழுத்தம் பத்தாது. நுண்குழாயை அப்படியே விட்டால் போதும். காலையில் திறந்து, பல் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து மூடட்டும். எத்தனை நிமிஷம் என்பதை நீங்கள் போவதற்குள் ஒரு வாரம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். போர் தண்ணீர் என்றால் உப்புப் படிந்து அடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு குழாயாகப் பிடுங்கி ஊதிவிட்டால் சரி.

இப்போது பயிர். கத்தரி பழைய செடி என்றீர்கள். பிடுங்காதீர்கள். நீங்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பை மண்ணிலிருந்து ஓரடி விட்டு எல்லாக் கிளையையும் வெட்டிக் கவாத்து பண்ணிவிட்டு, இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, மண் காயாமல் சருகால் மூடாக்குப் போட்டுவிடுங்கள். ஐப்பசி மழையில் துளிர்த்து, கார்த்திகை, மார்கழியில் காய்க்கும். வாரம் ஒரு தடவை பறித்தால் போதும், வெண்டை மாதிரி அவசரப்படுத்தாது. மணத்தக்காளி, பொன்னாங்கண்ணியையும் நன்றாகக் கத்தரித்துவிடுங்கள். கோவைக்கொடியை ஒன்றும் செய்ய வேண்டாம், அது எதையும் தாங்கும்.

காலிப் பைகள். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், அப்படியே காயப் போட்டுவிடுவார்கள். தென்னை நார் ஒருதரம் எலும்பாகக் காய்ந்துவிட்டால் மறுபடியும் தண்ணீரே குடிக்காது, ஊற்றுவதெல்லாம் ஓரமாக வழிந்து ஓடும். அதனால் பாதிப் பைகளில் இப்போதே மஞ்சள் ஊன்றுங்கள். வைகாசி, ஆனிதான் பட்டம், ஆடி முதல் வாரம் வரை தாங்கும். ஒன்பது மாதப் பயிர், உங்களை மாதிரியே. பேரன் பிடுங்கிப் பார்க்க மேலே காய் கிடையாது, பூச்சி குறைவு, பறிக்கிற வேலை கிடையாது. பொங்கலுக்குப் பானையில் கட்ட உங்கள் மாமியாருக்குக் கொத்து கிடைக்கும், கேட்டால் படி ஏறினாலும் ஏறிவிடுவார். மீதியை நீங்கள் பங்குனியில் இலை காய்ந்ததும் கிண்டலாம். இரண்டு பையில் சேப்பங்கிழங்கும் வைக்கலாம், அது ஆறு மாதம். ஆனால் பைக்கு அடியில் ஓட்டை திறந்திருக்கிறதா என்று பாருங்கள், கார்த்திகை மழையில் நின்றால் கிழங்கு அழுகிவிடும். மாடித் தண்ணீர் போகும் ஓட்டையில் இலை அடைத்தால் வீட்டுக்காரம்மாவின் ஈரக் கதை ஆரம்பமாகும். அதையும் திருகுகிற வேலையோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மீதிப் பைகளில் அந்த ஈரோட்டு அம்மிணி சொன்ன கீரைதான் சரி, பூனை போகாத பையாகப் பார்த்து. கீரை முடிந்ததும் தட்டைப்பயறு தூவிவிட்டுப் போங்கள். காய்த்தால் சரி, காய்க்காவிட்டாலும் மண்ணுக்குத் தழைச்சத்து.

மீன் அமிலத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், மாசமாக இருக்கும்போது அந்த வாடை எதற்கு. பதினைந்து நாளைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். மேற்குப் பக்கம் பச்சை நிழல்வலை ஒன்று கட்டிவிட்டால் காற்றுக்குத் தடுப்பு.

---

ரெண்டு வாலு அம்மா

'ஒன்பது மாதப் பயிர், உங்களை மாதிரியே'! தாத்தாவுக்கு நக்கலைப் பாருங்கள்.

அப்புறம், குனிந்து செய்கிற வேலைக்கு ஒரு முக்காலி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறாம் மாதத்துக்கு மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழும்போது தலைசுற்றும். கீரைப் பைகளை மட்டும் பழைய பெஞ்சு ஏதாவது இருந்தால் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள், சுவரிலிருந்து தள்ளி. பையனுக்கும் எட்டாது.

---

மொட்டைமாடிக்காரி

நேற்று எழுத முடியவில்லை, இவனுக்குச் சளி.

முடிவு பண்ணியாயிற்று. தாத்தா சொன்ன டிரம் திட்டத்தைக் காட்டினேன், வீட்டுக்காரருக்குக் கண் விரிந்துவிட்டது. இதுவரை செடி பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், 'மைக்ரோட்யூப் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டினால்தான் தண்ணீர் ஒரே அளவு வரும்' என்று பேப்பரில் படம் போட ஆரம்பித்துவிட்டார். கம்பெனியில் பழைய வால்வு கிடைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறார். முதுகுவலி பற்றிப் பேச்சே இல்லை.

எட்டுப் பையில் மஞ்சள், இரண்டில் சேப்பங்கிழங்கு, நாலில் கீரை, ஒன்று பையனுக்கு. பூனை பாழ்படுத்திய பைகளெல்லாம் மஞ்சளுக்குப் போகின்றன. அங்கே மேல்மண்ணை அவர்தான் எடுத்து, அவர்தான் ஊன்றுவார். நான் முக்காலியில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை. மாமியாரிடம் பொங்கலுக்கு வீட்டு மஞ்சள் என்று சொன்னேன். 'நட்டால் நல்ல நாள் பார்த்து நடுங்கள்' என்றார். தடை நீங்கியது என்று எடுத்துக்கொண்டேன்.

மாத்திரையை மதியத்துக்கு மாற்றிவிட்டேன் சிஸ்டர், எலுமிச்சையோடு. குழந்தை டாக்டரிடம் மண் விஷயமும் கேட்டேன். இவனுக்கும் ரத்தம் பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று தாத்தா. விதைமஞ்சள் எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது? மளிகைக்கடை மஞ்சளை ஊன்றினால் முளைக்குமா?

---

வடவள்ளித் தாத்தா

கடையில் விற்கும் கிழங்கு மஞ்சள் வேகவைத்துக் காயவைத்தது, முளைக்காது. காய்கறிச் சந்தையில் பச்சை மஞ்சள் கிடைத்தால் வாங்கலாம். ஈரோட்டு அம்மிணிக்குத் தெரிந்த விவசாயி யாராவது இருந்தால் இன்னும் நல்லது, அவர்களிடம் விதைக்கு எடுத்து வைத்தது கொஞ்சம் மிச்சம் இருக்கும். சுருங்காமல் கெட்டியாக, கணுவில் முளை வெள்ளையாகத் தலைகாட்டியிருக்கிற கிழங்காகப் பார்த்து எடுங்கள். இரண்டு அங்குல ஆழம், முளை மேலே பார்க்க வேண்டும், பன்னிரண்டு அங்குலப் பைக்கு ஒன்று போதும். முளைத்து வர மூன்று வாரம்கூட ஆகும், அதுவரை பேரன் தோண்டிப் பார்க்காமல் மட்டையை மேலே போட்டு வையுங்கள்.

---

ரெண்டு வாலு அம்மா

மாமனார் வீடு கொடுமுடியில், மஞ்சள்காடுதான். விதைக்கிழங்கு மிச்சம் இருக்கிறது, கேட்டுவிட்டேன். ஒரு கிலோ போதுமா? அடுத்த வாரம் கோவை வருகிறேன், சரவணம்பட்டி வழியாகத்தான் வருவேன். உள்பெட்டியில் நம்பர் அனுப்புங்கள்.